கனகத்தின் நாலு மணி

நாகப்பன் டீ குடித்து யாரும் பார்த்ததில்லை என்று பஸ்ஸில் வருகிறவர்கள் கேலி செய்வார்கள். கிளாஸை வாங்குவது தெரியும், அது காலியாகிப் பெஞ்சின்மேல் இருப்பதும் தெரியும். தொண்டைக்குள் எப்போது போனது என்பது மட்டும் தெரியாது. பூந்தமல்லியில் தொடங்கி, தண்டலம், பென்னலூர் என்று ரோட்டோரம் நிற்கும் ஷிப்டு ஆட்களை ஏற்றிக்கொண்டு ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துப் பேக்டரியில் இறக்கிவிடும் கம்பெனி பஸ்ஸின் டிரைவர் அவர். சங்கு ஊதுவதற்குள் கேட்டைத் தாண்டிவிட வேண்டும். அந்த அவசரம் காலப்போக்கில் அவர் உடம்புக்குள்ளேயே குடியேறிவிட்டது. சோற்றை அள்ளிப் போட்டுக்கொள்வார். குளிக்கப் போனவர் அடுத்த நிமிஷமே ஈரத்துண்டோடு திரும்பி வந்து நிற்பார். தண்டலத்து வீட்டில் அவர் உட்கார்ந்து இருந்ததைவிடக் கிளம்பிக்கொண்டிருந்ததுதான் அதிகம்.

தொண்ணூற்றொன்றாம் வருஷம் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் நடந்த குண்டுவெடிப்புத் துயரத்துக்குப் பிறகு அந்த ரோட்டில் வெளியூர் வண்டிகள் கூடிப்போயிருந்தன. ஒரு காலை, பென்னலூர் கிட்டே, எதிரே வந்த லாரி வாரியடித்த சேற்றுத்தண்ணீர் கண்ணாடியை மூடியது. வைப்பர் ஒரு தரம் போய்த் திரும்பியபோது, பஸ்ஸுக்கு நேர் முன்னால் தலையில் கூடையோடு ஒரு பெண் நின்றாள். நாகப்பன் பிரேக்கை மிதித்தார். பஸ் வழுக்கிக்கொண்டே போய்க் குறுக்காக நின்றது.

அவள் மேல் பஸ் படவில்லை. பயத்தில் கீழே விழுந்ததில் முழங்காலில் சிராய்ப்பு, அவ்வளவுதான். கூடையிலிருந்த முளைக்கீரை மட்டும் ரோடெல்லாம் சிதறிக் கிடந்தது. அவள் பெயர் சின்னப்பொண்ணு, கீரை விற்பவள். தானாகவே எழுந்து உட்கார்ந்தாள். ஆட்கள் இறங்கி ஓடினார்கள். நாகப்பன் இறங்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்த கை விடவே இல்லை. பின் சீட்டு நடேசன் வந்து, "அண்ணே, ஒண்ணும் ஆவல. கைய எடு" என்று ஒவ்வொரு விரலாகப் பிரித்துவிட வேண்டியிருந்தது.

மறுநாள் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். சாவியைத் திருகும்போதே விரல்கள் ஆடத் தொடங்கின. இறங்கிவிட்டார். அதற்கடுத்த நாளும் அதே கதைதான். கம்பெனிக்காரர்கள் நல்லவிதமாகவே சொன்னார்கள்: உடம்பு தேறும்வரை வீட்டில் இருங்கள், பஸ்ஸை வேறு ஆள் ஓட்டட்டும்.

வீட்டில் இருப்பது எப்படி என்று நாகப்பனுக்குத் தெரியவில்லை. பெண் சசிகலாவைக் கட்டிக்கொடுத்து அனுப்பிய பிறகு அங்கே இருந்தது அவரும் மனைவி கனகமும்தான். வாசலுக்குப் போவார், திரும்புவார். கடைத்தெருவுக்குப் போய் ஒரு டீ, வந்து படுத்து எழுந்து மறுபடி ஒரு டீ. வயிறு எரிந்தது. கண்ணை மூடினால் வைப்பர் ஒரு தரம் போய்த் திரும்பியது.

அப்படி ஒரு சாயங்காலம் கொல்லைப்பக்கம் போனவர், கனகத்தைக் கண்டு நின்றார். முருங்கை மரத்தடியில், துணி துவைக்கிற கல்லின் மேல் அவள் உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையாலும் ஒரு எவர்சில்வர் டம்ளரைப் பிடித்திருந்தாள். ஆவி முகத்தில் பட்டுக்கொண்டிருந்தது. அவள் குடிக்கவில்லை, அதன் வாசனையை இழுத்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒரு வாய். விழுங்கிவிட்டு, வேலியைப் பார்த்தபடி சும்மா இருந்தாள்.

"இன்னா அது?" என்றார் நாகப்பன்.

அவள் திரும்பவில்லை. "சுக்கு, மல்லி, நாலு மொளகு. ரெண்டு தொளசி எல போட்டிருக்கேன்."

"ஒடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் கீறேன்."

"அப்பறம் இன்னாத்துக்கு?"

"தெனமும்தான் குடிக்கறேன். சசி கைக்கொழந்தையா இருந்த காலத்துலேர்ந்து. நாலு மணி ஆச்சுன்னா வேலையெல்லாம் வெச்சிட்டு இங்க வந்து குந்திக்குவேன். நீ எந்த நாலு மணிக்கு வூட்ல இருந்த, தெரியறதுக்கு?"

நாகப்பனுக்கு என்னவோ போல் ஆயிற்று. இத்தனை வருஷம் ஒரே கூரைக்குள் இருந்தும், தன் மனைவிக்கு இப்படி ஒரு வேளை உண்டு என்பது அவருக்குத் தெரியாது. தனக்கும் ஒரு டம்ளர் வேண்டும் என்றார். அவள் முகம் சுருங்கியது. எழுந்து போய், பாத்திரத்தில் மீதமிருந்ததைப் பனைவெல்லம் சேர்த்துச் சுடவைத்து வடிகட்டிக் கொண்டுவந்தாள். அவர் வாங்கிய கையோடு வாயில் கவிழ்த்தார். நாக்கும் மேலண்ணமும் வெந்துபோயின. டம்ளர் கீழே உருண்டது.

கனகத்துக்குக் கோபம் வந்துவிட்டது. "இன்னாயா, அது மருந்தா, கண்ண மூடிகினு ஊத்திக்கறதுக்கு? ஒன்ன எவன் தொரத்தறான் இங்க? அது ஆறும்போது நீயும் சேந்து ஆறணும். அதுக்குத்தான் குடிக்கறது." அவள் குரல் இறங்கியது. "இந்த ஒரு வேளதான் எனக்குன்னு இருந்திச்சி. அதுலயும் வந்து நிக்கற."

அடுத்த நாள் அவர் அந்தப் பக்கம் போகாமல் உள்ளேயே கிடந்தார். நாலு மணிக்கு அடுப்படியிலிருந்து மல்லி வறுபடும் வாசனை வந்தது. பிறகு அவளே வந்து எட்டிப் பார்த்தாள். "வரதுன்னா வா. ஆனா பேசக்கூடாது."

கல்லில் அவள், எதிரே கவிழ்த்துப் போட்ட பக்கெட்டின் மேல் அவர். முதல் நாட்களில் அது அவருக்குத் தண்டனையாகத்தான் இருந்தது. கால் ஆடிக்கொண்டே இருக்கும். டம்ளரை வாயருகே கொண்டுபோவார், சூடு உதட்டில் படும், இறக்குவார். கொஞ்சம் கொஞ்சமாக ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்தது. முதல் வாயில் வெல்லம்தான் முன்னே வருகிறது, மிளகு தொண்டை தாண்டிய பிறகுதான் தன்னைக் காட்டுகிறது. சுக்கின் காரம் நெஞ்சுக்குள் இறங்கி அங்கேயே தங்குகிறது. மூச்சு தானாக நீண்டது. ஒரு நாள் பாதி டம்ளரில் தன் கையைப் பார்த்தார். அது ஆடவில்லை.

இன்னொரு நாள், பேசக்கூடாது என்ற கட்டளையை அவரே மீறினார்.

"பஸ் நின்னப்பறம் ஒரு சத்தம் இல்ல கனகம். அத்தினி பேரு உள்ள கீறாங்க, ஒருத்தன் மூச்சு விடல. நான் கொன்னுட்டேன்னுதான் நெனச்சேன். அந்தச் சத்தமில்லாததுதான் இன்னும் காதுல கீது."

அவள் டம்ளரைக் கல்லின் மேல் வைத்துவிட்டு அவரைப் பார்த்தாள். "அவள ஒரு வாட்டி போய்ப் பாத்துட்டு வா," என்றாள். பிறகு தன் டம்ளரை எடுத்துக்கொண்டாள்.

மழை விட்ட ஒரு காலையில் சைக்கிளை மிதித்துக்கொண்டு பென்னலூர் போனார். பஸ் நிற்கும் இடத்தில் சின்னப்பொண்ணு கீரைக்கட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். யார் என்று சொன்னதும் அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"நீ பிரேக் அடிச்சதாலதான் நான் இன்னிக்கி கீர வித்துகினு கீறேன். வண்டி ஓட்றதில்லையாமே, நடேசன் சொன்னாரு?"

"கை நடுங்குது."

"எனக்கு மட்டும் நடுங்கலையா? ரோட்டத் தாண்ட காலே வரல. அதுக்குன்னு இந்தாண்டயே நின்னுட முடியுமா? கொஞ்சம் நின்னு, மூச்சு விட்டு, ரெண்டு பக்கமும் பாத்து அப்பறம் தாண்றேன்." ஒரு கீரைக்கட்டை எடுத்து நீட்டினாள். "வூட்ல குடு."

திரும்பும் வழியில் நாகப்பன் சைக்கிளை ஓரமாக நிறுத்தி அழுதார். லாரிகள் போய்க்கொண்டே இருந்தன. யாரும் கவனிக்கவில்லை.

கார்த்திகை பாதியில் மீண்டும் பஸ்ஸை எடுத்தார். முதல் நாள் ஸ்டியரிங்கில் கை வைத்துச் சற்று நேரம் சும்மா இருந்தார். பிறகுதான் சாவியைத் திருகினார். முன்பைவிட முன்னதாகவே கிளம்பினார். டீயை அடியோடு விட்டுவிட்டார் என்று சொல்ல முடியாது, பழைய சிநேகிதர்கள் கூப்பிட்டால் ஒரு கிளாஸ் உண்டு. ஆனால் ஆட்களை இறக்கிவிட்டு பஸ் காலியானதும், ஷெட்டில் முன் படியில் உட்கார்ந்து, கனகம் கொடுத்தனுப்பிய பிளாஸ்கைத் திறப்பார். நடேசன் ஒரு நாள் பக்கத்தில் வந்து நின்றான்.

"இன்னாண்ணே, கஷாயமா?"

"குந்து. ஆறட்டும், அவசரமில்ல."

நாகப்பன் வேலைக்குத் திரும்பிய பிறகு கனகத்துக்கு அவளுடைய கல்லும் வேலியும் பழையபடி கிடைத்தன. அவர் இல்லாமல் அந்த வேளை வெறிச்சென்று இருக்கிறதா என்று பெண் சசிகலா ஒருமுறை கேட்டாள். கனகம் யோசித்துப் பார்த்தாள்.

"இல்ல. நிம்மதியாத்தான் கீது," என்றாள். "ஞாயித்துக்கெழம வேணும்னா வந்து குந்திக்கட்டும். இப்ப அவரு பேசறதில்ல."