மேலே போனால் எண் குறையும்

இன்று பெங்களூரில் ஒரு கம்ப்யூட்டர் வேலைக்குத் தேர்வு எழுதினேன். எங்கள் தங்கவயலில் சுரங்கத்தை மூடியதிலிருந்து அப்பா வீட்டில்தான் இருக்கிறார். இந்த வேலை கிடைத்தே ஆகவேண்டும்.

முதல் கேள்வி, பைத்தானில் எளிய கணக்கு. லிஃப்ட் மூன்றாம் தளத்தில் நிற்கிறது. இரண்டு தளம் மேலே போனால் எங்கே நிற்கும்?

எங்கள் ஊர் ஆண்டர்சன்பேட்டை கம்ப்யூட்டர் சென்டரில் இதுபோல எத்தனையோ போட்டுப் பழகியவள் நான். எழுதி ஓட்டினேன். திரையில் 1 என்று வந்தது.

பின்னால் நின்று கண்காணித்த சார் குனிந்து பார்த்தார். "இன்னாம்மா, மேல போனா ஒண்ணா? கூட்டலே வராதா உனக்கு?"

பக்கத்தில் யாரோ சிரித்தார்கள். வரிவரியாகப் பார்த்தேன், தப்பே தெரியவில்லை.

அப்புறம்தான் உறைத்தது. எனக்குத் தெரிந்த ஒரே லிஃப்ட், அப்பா சுரங்கத்தில் இறங்கிய கேஜ் என்ற இரும்புக் கூண்டு. அங்கே ஆழம் போகப்போகத்தான் லெவல் எண் கூடும்.

மைனஸை அழித்துப் பிளஸ் போட்டேன். சார் எதையோ குறித்துக்கொண்டு நகர்ந்துவிட்டார். முடிவு திங்கட்கிழமை.

வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடம் அதே கேள்வியைக் கேட்டேன்.

"ஒண்ணாம் லெவல். இதுக்குப் போயி கம்ப்யூட்டரா?"

தங்கவயல்காரர்களே, யோசிக்காமல் எழுதுங்கள். உங்களுக்கு எது வந்தது, ஒன்றா ஐந்தா?