காப்புக்காட்டுக் கல்லுக்கு இந்தப் பக்கம்

இன்பராணி என் தாய்மாமன் மைக்கலின் மனைவி. எனக்கு அத்தை. காஹாங் டவுனிலிருந்து உள்ளே தள்ளியிருந்த சுங்கை லிண்டோங் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர், அதாவது மரப்பட்டையைக் கீறிப் பால் எடுத்தவர். ஜப்பான்காரன் காலத்தில் அவர் ஒரு மலைக்காக அலைந்தார் என்று சொன்னால் இப்போதைய பிள்ளைகளுக்கு விளங்காது. நான் அப்போது கைப்பிள்ளை. அம்மா வினிஃப்ரெட் சொன்னதையும் அத்தை வாயால் கேட்ட கொஞ்சத்தையும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

சயாமில் ரயில் பாதை போட மாமாவைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். வெள்ளைக்காரத் துரை ஓடிப்போன பிறகு தோட்டத்துத் தண்ணீர் இஞ்சினுக்கு எண்ணெய் கிடையாது. எல்லாரும் லயத்துக்கு, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, நடுவில் இருந்த கிணற்றுத் தண்ணீரைக் குடித்தார்கள். மழை பெய்தால் கக்கூஸ் தண்ணீரும் அதில்தான் இறங்கும். வயிற்றுப்போக்கு வந்து லயத்துக்கு லயம் ஆட்கள் செத்தார்கள். அத்தையின் மூத்த மகள் டொரத்தியும் போனாள். பெட்டிக்குப் பலகை இல்லை, கோணிச் சாக்கில் சுற்றிப் புதைத்தார்கள். சாமியார் வர வழியில்லை. அத்தையே குழிக்குப் பக்கத்தில் நின்று பரலோக மந்திரம் சொன்னார்.

மிச்சம் இருந்தது சின்னவன் தோமஸ். அவனுக்கும் வயிற்றால் போக ஆரம்பித்ததும் அத்தை தோட்டத்துக்குப் பின்னாலிருந்த மலையில் ஏறினார். பிரம்பு முள்ளுக்குள் புகுந்து போனால் பாறை இடுக்கில் ஓர் ஊற்று உண்டு. அங்கிருந்து மண்ணெண்ணெய் டின்னில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். ஆண்டவர் கிருபையால் பையன் தேறினான். அதைப் பார்த்துவிட்டு லயமே மலைக்குப் போனது. காட்டு வள்ளிக்கிழங்கும் பிரம்பங்குருத்தும் அங்கேதான் கிடைத்தன. அரிசி இல்லாத நாளில் அதுதான் சோறு.

அந்த மலைக்கு அந்தப் பக்கச் சரிவில் வெள்ளை அடித்த கற்கள் வரிசையாக நட்டிருக்கும். கல்லுக்கு அப்பால் காப்புக்காடு. யானையும் காட்டெருமையும் நிம்மதியாக இருக்கட்டும் என்று வெள்ளைக்காரன் ஒதுக்கி வைத்தது. ஜப்பான்காரனும் அதில் கை வைக்கவில்லை. எங்கள் மலை கல்லுக்கு இந்தப் பக்கம் இருந்தது. ஒருநாள் காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் எல்லாரையும் நிற்க வைத்து அறிவித்தார்கள். கல்லுக்கு இந்தப் பக்கம் உள்ள மரமெல்லாம் ரயில் கட்டைக்கு, நிலமெல்லாம் மரவள்ளிக்கு.

மரம் போனால் ஊற்று நிற்காது என்று அத்தைக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மறுநாளே காஹாங்கில் இருந்த வன ஆபீசுக்கு, அப்போது கந்தோர் என்போம், அங்கே நடந்தார். அங்கே கிராணியாக, கணக்கு எழுதுபவராக இருந்தவர் தம்பிராஜா, யாழ்ப்பாணத்துக்காரர். வெள்ளைக்காரனிடம் வேலை பார்த்தவரை ஜப்பான்காரனும் அப்படியே வைத்துக்கொண்டிருந்தான்.

"கிராணி ஐயா, அந்தக் கல்ல எங்க பக்கமா நகட்டி வச்சிருங்க. மல காப்புக்காட்டுக்குள்ள வந்துரும்ல."

"கல்லை நகத்துறதுக்கு அது என்ன உங்கட வீட்டு அம்மிக்கல்லே?"

"அம்மிக்கல்லுன்னா நானே நகட்டியிருப்பேன். உங்களத் தேடி ஏன் வர்றேன்."

தம்பிராஜா சிரித்துவிட்டார். பிறகு வாசலை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "ஜப்பான் துரை வந்து பாத்து, தண்ணி வாற இடம் எண்டு ஒப்புக்கொண்டால்தான் சேக்கலாம். ஆனா நான் ஒண்டு சொல்லுறன் பிள்ளை. நீங்கள் பேசாமல் இருங்கோ. இப்போதைக்கு அங்கை மரம் விழாது."

"ஏன் விழாது?"

அவர் கணக்குப் புத்தகத்தைத் திறந்தார். பேனாவை எடுத்துக்கொண்டார்.

பேசாமல் இருப்பது எப்படி? புதைத்த மண் இன்னும் காயவில்லை. அத்தை லயம் லயமாக ஏறி இறங்கினார். கிறிஸ்தவ வீடு, இந்து வீடு என்று பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஜெபமாலை முடிந்ததும் எங்களோடு வாருங்கள், காஹாங் கந்தோர் வாசலில் போய் நிற்போம், அந்த ஜப்பான் அதிகாரியின் கண்ணில் பட்டுக்கொண்டே இருப்போம் என்றார். என் அம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"எங்கண்ணன லாரியில ஏத்தினப்ப வாயத் தொறக்கல. இப்ப மலைக்கு மட்டும் வாய் வந்துருச்சா அண்ணி ஒங்களுக்கு?"

"அன்னிக்குத் தொறக்கலன்னுதான் இன்னிக்குத் தொறக்கிறேன்."

"சுட்டுருவான்லா."

"தண்ணி இல்லாமலும் சாகத்தானே போறோம். நீ வர்றியா, இல்ல பிள்ளைய வச்சிக்கிட்டு வீட்ல இருக்கியா?"

அம்மா முணுமுணுத்துக்கொண்டே என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு கூடப் போனார்.

வாரா வாரம் போனார்கள். அதிகாரியின் கார் வந்தால் வரிசையாகக் குனிவார்கள். கார் போகும். நிமிர்வார்கள். வெயிலில் மயங்கி விழுந்தவர்கள் உண்டு. காவல்காரன் துப்பாக்கிக் கட்டையால் அத்தையின் தோளில் இடித்து விரட்டினான். அடுத்த ஞாயிறு அந்தத் தோளைத் துணியால் கட்டிக்கொண்டு போய் அதே இடத்தில் நின்றார். கடைசியில் அந்த அதிகாரியே காரை நிறுத்தி, யார் இந்தப் பிச்சைக்காரர்கள் என்று தம்பிராஜாவைக் கேட்டான். அவர் சொல்லித்தான் ஆகவேண்டியிருந்தது. அடுத்த வாரம் வந்து ஊற்றைப் பார்க்கிறேன் என்று அவன் சொன்னதை, தம்பிராஜா தமிழில் சொல்லும்போது முகத்தில் சந்தோஷமே இல்லையாம். அதை அன்று யாரும் கவனிக்கவில்லை. அழுது கும்பிட்டுவிட்டு ஓட்டமும் நடையுமாகத் தோட்டத்துக்குத் திரும்பினார்கள்.

துரை வருகிறார் என்றால் தோட்டத்து ஆட்களுக்கு ஒரே ஒரு வழிதான் தெரியும். வெள்ளைக்காரத் துரை லயம் பார்க்க வந்த நாளெல்லாம் லாலான் புல் வெட்டி, மணல் போட்டு, மூங்கில் வளைத்துத் தென்னங்குருத்து கட்டிப் பழகிய ஆட்கள். பெரிய கங்காணி வீரமுத்து எல்லாரையும் கூப்பிட்டு வைத்துப் பேசினார்.

"பூட்ஸ் போட்ட ஆள முள்ளுக்குள்ள இழுத்துட்டுப் போனா பாதியிலேயே திரும்பிருவான். அப்புறம் எந்தக் கல்லு நகரும்? காரு ஊத்து வரைக்கும் ஏறணும். எத்தன துரைக்கு வழி செஞ்ச கை இது."

"சாப்பாடு இல்லாத கை அது, கங்காணி" என்றார் அம்மா.

"அதுக்குத்தான் ஒங்கையையும் சேத்துக்கிறேன், வா."

எல்லாரையும்விட வேகமாக வெட்டியது அத்தைதான். மரவள்ளிக் கஞ்சியைக் குடித்துவிட்டு, பெண்களும் கிழவர்களும் பிரம்பை அறுத்து, வேரைப் பிடுங்கி, பாறையைப் புரட்டினார்கள். ஓடை குறுக்கிட்ட இடத்தில் கனத்த மரங்களை வரிசையாகப் போட்டு மேலே மண் கொட்டி மிதித்தார்கள். மலையடியிலிருந்து ஊற்றுவரை வளைந்து வளைந்து ஒரு பாதை ஏறியது. நுழைவில் தென்னங்குருத்துத் தோரணம். ஊற்றுக்குப் பக்கத்தில் இந்துக்கள் ஒரு விளக்கு வைத்தார்கள். அத்தை ஒரு சிலுவை நட்டார்.

அதிகாரி சொன்ன நாளில் வந்தான். கார் ஊற்றுவரை ஏறியது. இறங்கி, கையால் தண்ணீரை அள்ளிக் குடித்து நல்லது என்று தலையாட்டினான். அத்தை முழங்காலில் நின்று பேச ஆரம்பித்தார். டொரத்தியின் பேரைச் சொன்னார். தம்பிராஜா மொழிபெயர்த்தார். ஆனால் அதிகாரி ஓடைப் பக்கம் இறங்கிப் போய்விட்டான். மரப்பாலத்தின் மேல் ஏறி பூட்ஸ் காலால் ஓங்கி மிதித்துப் பார்த்தான். மறுபடி மிதித்தான். ஒரு மரத்தின் அடிப்பாகத்தைத் தட்டிக்கொடுத்தான். வீரமுத்துவின் தோளையும் தட்டினான். ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டு காரில் ஏறினான்.

"என்ன சொன்னாரு ஐயா? கல்ல நகட்டச் சொன்னாரா?"

தம்பிராஜா பாலத்தைக் காட்டினார். "றோட்டு நல்லாய் இருக்காம். லொறி தாங்குமாம்."

"அதுக்கென்ன?"

"லொறி ஏற வழியில்லை, மரம் ஏற்ற ஏலாது எண்டு எழுதி எழுதித்தான் நான் இந்த மலையை இவ்வளவு காலமும் நிப்பாட்டி வைச்சிருந்தனான். வாய்விட்டுச் சொன்னால் என்ரை தலை போகும் எண்டு பேசாமல் இருங்கோ எண்டனே. பாதை வெட்டச் சொல்லி உங்களுக்கு ஆர் சொன்னது?"

யாரும் சொல்லவில்லை. யாரும் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. வீரமுத்து அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

கார் மறைந்ததும் அத்தை ஓடைக்கு ஓடிப் பாலத்து மரத்தைப் பிடித்து இழுத்தாராம். தனியாக. அசையவில்லை. "வாங்க, கை கொடுங்க, புடுங்கிப் போட்டுருவோம்" என்று எல்லார் முகத்தையும் பார்த்தார். அதிகாரி பாலத்தைப் பார்த்துவிட்டுப் போய்விட்டான். இனி அதைக் கலைத்தால் லயத்தையே வரிசையில் நிறுத்திச் சுடுவான். அது அத்தைக்கும் தெரியும். என் அம்மா போய் அவருடைய விரல்களை ஒவ்வொன்றாக மரத்திலிருந்து பிரித்தெடுத்தார்.

லாரிகள் வந்தன. மரம் வெட்டவும் சுமக்கவும் எங்கள் ஆட்களையே இறக்கினார்கள். மறுத்தவர்களுக்கு அரிசி இல்லை. முதல் பெருமழையில் ஊற்றுத் தண்ணீர் செம்மண் நிறமாக வந்தது. துணியில் வடிகட்டி, தெளிய வைத்துக் குடித்தார்கள். கொஞ்சநாளில் வடிகட்டவும் தண்ணீர் இல்லை. மறுபடி கிணறு, மறுபடி வயிற்றுப்போக்கு. தோமஸ் படுத்துவிட்டான்.

அந்த நேரத்தில் ஒரு மத்தியானம் தம்பிராஜா லயத்துக்கு நடந்து வந்தார். ஒரு கன்னம் வீங்கியிருந்தது. அத்தை பெஞ்சைத் துடைத்துப் போட்டார்.

"கல்லுக்கு அந்தப் பக்கத்தையும் வெட்டப் போயினம், பிள்ளை. காப்புக்காடு இனி இல்லை எண்டு வந்திட்டுது. அங்கை ஓடுற ஆத்திலையாவது தண்ணி எடுப்பியள் எண்டு நினைச்சிருந்தன். வேண்டாம் எண்டு கேட்டன். இதுதான் கிடைச்சது." கன்னத்தைத் தொட்டுக் காட்டினார்.

 அத்தை தோமஸைத் தூக்கி என் அம்மாவின் மடியில் கிடத்தினார்.

"துரை இன்னிக்கு ஆபீஸ்லதான் இருப்பாரா?"

"போகாதேங்கோ. இந்தமுறை அடிச்சதோட விடமாட்டான்."

"அண்ணி, பிள்ள கெடக்கிற கெடப்பப் பாருங்க. நீங்களும் போயிட்டா இவன யாரு பாப்பா?"

"நீ இருக்கல்ல" என்று சொல்லிவிட்டு அத்தை துணி இல்லாமல் கட்டியிருந்த சாக்குச் சேலையின் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினார்.

மலைக்கு மரம் ஏற்றப் போன லாரிகள் எதிரே ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஒவ்வொன்றிலும் முன்னால் ஒரு ஜப்பான் சிப்பாய். சிப்பாயைக் கண்டால் ரோட்டோரம் ஒதுங்கி இடுப்பு வளையக் குனிய வேண்டும், அது அந்தக் காலத்துச் சட்டம். லயத்து வாசலிலிருந்து அம்மா பார்த்துக்கொண்டே இருந்தாராம். அத்தை நடப்பார், லாரி வரும், நின்று குனிவார், நிமிர்ந்து மறுபடி நடப்பார். வளைவு வரைக்கும் அப்படியேதான் போனார்.