அண்ணனின் சிறுநீரகம்

காலையில் செருப்பு நுழையவில்லை. இரண்டு பாதங்களும் வீங்கியிருந்தன. விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நின்றது. தருமபுரியில் என் இரும்புக் கடையைத் திறக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போனேன். இரத்தத்தில் யூரியா (சிறுநீரோடு வெளியேற வேண்டிய கழிவு) ஏறியிருந்தது. இரண்டு சிறுநீரகங்களும் சுருங்கிவிட்டன என்றார்கள். எனக்கு அப்போது முப்பத்தெட்டு வயது.

வேலூரில் டயாலிசிஸ் (இயந்திரத்தால் இரத்தத்தைச் சுத்தம் செய்வது) தொடங்கியது. வாரத்துக்கு இரண்டு முறை பஸ் பயணம். நாளுக்கு இரண்டு டம்ளர் தண்ணீர்தான் குடிக்கலாம். சில மாதங்களில் சிறுநீர் அறவே நின்றுவிட்டது.

"கூடப் பொறந்தவங்க யாராவது குடுத்தா மாத்தி வெக்கலாம்," என்றார் மருத்துவர்.

எனக்கு இருந்தது யூசுப் அண்ணன் மட்டும்தான். இதே நோயோடு இதைப் படிப்பவர்களிடம் ஒளிக்காமல் சொல்கிறேன்: சாவைவிட அவரிடம் கேட்பதுதான் எனக்குக் கசந்தது.

அண்ணன் கடற்படை அதிகாரி. எழுபத்தொன்றாம் ஆண்டுப் போரில் அவருடைய கப்பலின் கொதிகலன் அறை தீப்பற்றியபோது, புகைக்குள் மூன்று முறை இறங்கி நான்கு பேரை வெளியே இழுத்து வந்தவர். தில்லியில் பதக்கம் கொடுத்தார்கள். அதை அவர் வாங்கும் படத்தை அத்தா (எங்கள் அப்பா) என் கடையில், கல்லாவுக்கு மேலேயே மாட்டினார். ஆணி வாங்க வருபவர்கள்கூட, "கப்பக்காரரு தம்பிங்களா நீங்க?" என்பார்கள். படுக்கையில் விழுந்த அத்தாவைக் கடைசிவரை குளிப்பாட்டியவன் நான். அதற்கு எந்தச் சுவரிலும் படம் இல்லை.

நான் கடிதம் போடவில்லை. என் மனைவி ஜமீலா போட்டாள். அண்ணன் உடனே வந்தார். ஒரு சிறுநீரகத்தைக் கொடுத்துவிட்டால் மறுபடி கப்பலில் ஏற விடமாட்டார்கள் என்று தெரிந்தே கையெழுத்துப் போட்டார். அதிலும் அவரே ஜெயித்துவிட்டதாக எனக்குப் பட்டது.

அறுவைக்கு முந்தைய மதியம் என் கட்டிலருகே வந்து உட்கார்ந்தார்.

"பயமா இருக்காடா?"

"உங்களுக்கென்னங்கண்ணே, சண்டையவே பாத்தவரு."

குத்தலாகத்தான் சொன்னேன். அவர் குரலைத் தாழ்த்தினார்.

"மூணாவது தடவ எறங்கறப்ப பேன்ட்டுலயே ஒண்ணுக்குப் போயிட்டேன்டா. அஞ்சாவது ஆளு ஒருத்தன் உள்ள கூப்புட்டுட்டே இருந்தான். மறுபடி எறங்க எனக்குக் காலு வரல. பதக்கம்னு யாராச்சும் சொன்னா அவன் கொரலுதான் கேக்குது."

நான் ஆறுதல் சொல்லியிருக்க வேண்டும். மாறாக, இந்த மனிதருக்குப் பயத்தில்கூடச் சிறுநீர் வந்திருக்கிறதே என்று நினைத்தேன். அதற்கும் பொறாமைப்பட்டேன்.

அறுவை முடிந்து கண் விழித்தபோது குழாயில் மஞ்சளாகச் சொட்டிக்கொண்டிருந்தது. மூன்றாம் நாள் அண்ணன் விலாவைப் பிடித்தபடி மெல்ல நடந்து வந்தார்.

"வேல செய்யுதா?"

"செய்யுதுங்கண்ணே." அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

அண்ணனுக்குக் கரையில் மேசை வேலை கொடுத்தார்கள். "தம்பியையும் காப்பாத்திட்டாருங்க," என்று ஊர் சொல்லும்போது இன்றும் உள்ளே சுருக்கென்கிறது. பிறர் உறுப்பை உடம்பு தள்ளிவிடாமல் இருக்க, ஆயுளுக்கும் மாத்திரை தந்திருக்கிறார்கள். இந்தக் குத்தலுக்கு எதுவும் தரவில்லை.

அண்ணன் என்னைவிட ஆறு வயது மூத்தவர். என் வலது அடிவயிற்றில் வைத்திருக்கும் அவர் சிறுநீரகமும் அப்படியே. யாராவது வயதைக் கேட்டால் ஒரு கணம் தயங்குகிறேன். அத்தனை வருடம் அவரோடு கடலில் கிடந்தது, இப்போது என்னோடு நல்லம்பள்ளி பஸ்ஸில் வருகிறது. பஸ் குலுங்கும்போது கை தானாகப் போய் அதைப் பிடித்துக்கொள்கிறது.