பெஞ்சோடு வந்த பிள்ளைகள்

அந்த நடுநிலைப் பள்ளியில் ஒரு காலத்தில் காலை வழிபாட்டுக்கு மைதானம் போதாது. பிறகு பக்கத்து ஆலை மூடியது. வீட்டு வாசலுக்கே வேன் அனுப்பும் தனியார் பள்ளிகள் வந்தன. கடைசியில் மிஞ்சியவர்கள் கட்டட வேலைக்காரர்கள், மூட்டை தூக்குபவர்கள், தையல் கம்பெனிப் பெண்கள் ஆகியோரின் பிள்ளைகள். அதிலும் பெண் பிள்ளைகளே அதிகம். மகனுக்குக் கட்டணம் கட்டியவர்கள் மகளை இங்கே விட்டார்கள். எண்ணிக்கை குறைவு என்று மேலிடம் பள்ளியை மூட உத்தரவிட்டது.

அங்கே எழுத்தராக இருந்தவரை எல்லோரும் 'வலை அக்கா' என்பார்கள். ஆண்டுதோறும் தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளைப் பிடித்து வந்து சேர்ப்பவர் அவர்தான்.

மேலிடம் பிள்ளைகளை முகவரிப்படி மூன்று பள்ளிகளுக்குப் பிரித்தது. பதிவேட்டில் இருந்த அந்த முகவரியெல்லாம், பிள்ளை பள்ளியில் சேர்ந்த அன்று அப்பா வேலை பார்த்த கட்டடங்கள். குடும்பங்கள் அங்கிருந்து கிளம்பி வெகுநாளாயிற்று. ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்திக்கு நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் இடம் விழுந்தது.

"லாரி ஓடுற ரோட்டத் தாண்டி இவள அனுப்ப மாட்டேன் அக்கா. என்கூடவே பட்டன் தைக்கட்டும்," என்று சொல்லிவிட்டாள் தையல்காரியான அவள் அம்மா.

வலை அக்கா விடவில்லை. அன்று மாலையே பிள்ளைகளோடு அவரவர் வீடு வரை நடந்தார். அந்தப் பெண் உட்பட முக்கால்வாசிப் பேர் மூன்றில் ஒன்றான சந்தைப் பக்கத்துப் பள்ளிக்கு அருகில்தான் இருந்தார்கள். மறுநாள் அந்தப் பள்ளித் தலைமையாசிரியர் முன்னால் போய் நின்றார்.

"எல்லாரையும் எங்கம்மா உக்கார வைக்கிறது? என் தலையிலயா?" என்று வழுக்கைத் தலையைத் தட்டிக் காட்டினார் அவர்.

"அங்க வழுக்கும் சார். பெஞ்சு இருந்தா சேப்பீங்களா?"

அவர் சிரித்துவிட்டார். "இருந்தா எனக்கென்ன?"

அந்த ஒரு சொல் போதும். மூடிய பள்ளியின் பெஞ்சுகளுக்காக அக்கா மேலிடத்துக்கு நாயாய் அலைந்து அனுமதி வாங்கினார். பிள்ளைகளின் இடமாற்றத்தையும் சந்தைப் பள்ளிக்கே திருத்த வைத்தார். மூட்டை தூக்கும் அப்பாக்கள் பெஞ்சுகளை வண்டியில் ஏற்றினார்கள். கொத்தனார் ஒருவர் ஆடிய கால்களுக்கு ஆணி அடித்தார்.

சந்தைப் பள்ளி திறந்த காலையில் அங்கே மாற்றிய பிள்ளைகள் எல்லோரும் வந்தார்கள், அந்தப் பெண்ணைத் தவிர. மணி அடித்தும் அக்கா வாசலை விட்டு நகரவில்லை.

கழுத்தில் அளவு நாடாவோடு தையல்காரி மகளை இழுத்துக்கொண்டு ஓடி வந்தாள்.

"இந்தப் பள்ளிக்கூடத்துக்கு யூனிஃபார்ம் கலர் வேறல்ல அக்கா? இப்பத்தான் தச்சு முடிச்சேன்!"

பாவாடை ஓரத்தில் தொங்கிய நூலைக் குனிந்து அறுத்துவிட்டார் வலை அக்கா.

"ஓடு. உன் பெஞ்ச ஜன்னலோரமா போட்டிருக்கேன்."