அட்டையைக் கண்டால் ஓடும் குட்டி

1. திங்கட்கிழமை காலை, அலுவலக அடையாள அட்டையை மாட்டிக்கொண்டு கூண்டுக்குள் பிஸ்கட் போட்டேன். நாய்க்குட்டி உள்ளே போனதும் கதவைச் சாத்திவிட்டுக் கல்பாக்கம் பஸ்ஸுக்கு ஓடினேன்.
2. செவ்வாய், அது பிஸ்கட்டை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தது. தூக்கி உள்ளே விட்டேன்.
3. புதன், கட்டிலுக்கு அடியில் பதுங்கிக்கொண்டது.

எனக்கு அம்மாவின் மேல்தான் சந்தேகம். கூண்டில் அடைப்பது பாவம் என்று முதல் நாளே சொன்னவர். நான் கிளம்பியதும் திறந்துவிட்டுக் கெடுக்கிறார் என்று நினைத்தேன். பத்து மணிக்கு அவரும் வேலைக்குப் போய்விடுவார், பிறகு வீட்டில் ஆளில்லை. குட்டி கூண்டுக்குப் பழகாவிட்டால், கடப்பாக்கத்தில் அதை வாங்கி வந்த வீட்டிலேயே திருப்பிக் கொடுக்க வேண்டியதுதான்.

அம்மாவிடம் கேட்டேவிட்டேன்.

"நான் இன்னாத்துக்குடி அத்தத் தொடப்போறேன்? நீ அட்டைய மாட்டினாலே அது ஓடுது. டெய்லி ஏமாத்திகினு கீறது நீ, கேள்வி மட்டும் என்னிய."

நம்பாமல், ஞாயிறு மாலை சோதித்தேன். அட்டை இல்லாமல் கூண்டருகே உட்கார்ந்தேன். மடியில் வந்து படுத்தது. அட்டையை மாட்டினேன், எழுந்து போய்விட்டது. அட்டையை மாட்டினால் கூண்டு, கூண்டுக்குள் போனால் நான் போய்விடுவேன் என்று நானே அதற்குக் கற்றுக்கொடுத்திருக்கிறேன்.

இப்போது விடுமுறையிலும் அட்டையோடுதான் வீட்டில் நடமாடுகிறேன். கூண்டின் கதவு திறந்தே இருக்கிறது, சோற்றுத் தட்டு உள்ளே. சாப்பிடும்போது முன்னங்கால்கள் உள்ளே போகின்றன. பின்னங்கால்கள் இன்னும் வெளியேதான்.