பலகையில் ஒரு வரி

பலகையில் எழுதாவிட்டால் அந்தக் காய்கறிக்கடைக்காரிக்குப் பொழுது விடியாது. ஷட்டரைத் தூக்கியதும் தக்காளிப் பெட்டியைக்கூடத் தொடமாட்டாள். முதலில் சாக்பீஸைத்தான் தேடுவாள். 'கேரட் கண்ணுக்கு நல்லது', 'கீரை சாப்பிட்டால் ரத்தம் ஊறும்' என்று நாளுக்கொரு காய், நாளுக்கொரு வரி. தெருவே அவளைப் பலகையம்மா என்றுதான் கூப்பிட்டது. அதில் அவளுக்கு உள்ளூரப் பெருமை.

நர்ஸ் வேலை பார்க்கும் நாத்தனார் ஒருநாள் ஆஸ்பத்திரியில் கொடுத்த சின்னப் புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்தாள். காய்கறி, பழம், பருப்பு, முழுதானியம் நிறையச் சாப்பிட்டால் சில வகைப் புற்றுநோய்கள் வரும் வாய்ப்பு குறையலாம். ஆனால் எந்த உணவும் தனியாக நோயைத் தடுத்துவிடாது என்று அதில் இருந்தது. பலகையம்மா இரண்டு தடவை படித்தாள். 'குறையலாம்' என்று இழுத்தால் எவன் வாங்குவான்? பலகையோ சிலேட்டைவிடக் கொஞ்சம்தான் பெரிசு. 'முட்டைக்கோஸ் சாப்பிட்டால் புற்றுநோய் வராது' என்று எழுதி மாட்டினாள். மத்தியானத்துக்குள் கோஸ் மூட்டை காலி. மற்ற வரிகளை மறுநாளே அழிப்பவள், இதை அழிக்க மனம் வராமல் மூன்று மாதம் விட்டுவைத்தாள்.

அந்த மூன்று மாதமும் எதிர்க்கடையில் துணி தைக்கிற அக்கா தவறாமல் தினம் அரைக் கோஸ் வாங்கினாள். அவளோ தனிக்கட்டை.

"ஏங்க்கா, வீட்டுல முயல் ஏதாவது வளக்குறீங்களா?"

தையல்காரி சிரிக்கவில்லை. கடையில் வேறு ஆள் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, இடது மார்பின் ஓரத்தைத் தொட்டுக் காட்டினாள். "இங்க ஒரு கட்டி மாதிரி இருக்கு. வலியெல்லாம் இல்ல. ஆஸ்பத்திரிக்குப் போனா கத்தியத் தூக்குவாங்க. அதான் நீ எழுதியிருக்கியே, கோஸ் சாப்பிட்டா வராதுன்னு."

கடைக்காரி தராசில் இருந்த கோஸை எடுத்துத் திரும்பக் கூடையில் போட்டாள்.

"உங்களுக்கு இனிமே கோஸ் கிடையாதுக்கா."

"ஏன், நான் காசு குடுக்கலையா?"

"அந்தப் பலகையில இருக்கறது பொய். புத்தகத்துல குறையலாம்னுதான் போட்டிருந்துச்சு. கோஸ் போகணுமேன்னு நான்தான் அப்படி எழுதினேன். கட்டின்னு வந்தப்புறம் டாக்டர்தான் பாக்கணும். கிளம்புங்க, நானும் வரேன்."

தையல்காரி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "எனக்குக் கோஸ் பிடிக்கவே பிடிக்காது, தெரியுமா?" என்றாள்.

வியாபாரம் சூடு பிடிக்கிற நேரத்தில் ஷட்டர் இறங்கியது. நாத்தனார் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியிலேயே சோதித்தார்கள். புற்றுநோய்தான். கைமீறிப் போகவில்லை, ஆனால் முன்பே வந்திருந்தால் சிகிச்சை இன்னும் சுலபமாக இருந்திருக்கும் என்றார் டாக்டர்.

அடுத்த வாரம் கடையில் கதவளவு பலகை ஒன்று வந்தது. புத்தகத்தில் இருந்ததை ஒரு சொல் விடாமல் எழுதி, 'கட்டி இருந்தால் முதலில் டாக்டரிடம் போங்கள்' என்றும் சேர்த்தாள். கோஸ் வியாபாரம் படுத்துவிட்டது. அவள் அழிக்கவில்லை.

ஆபரேஷன், மருந்து என்று ஏழு மாதம் ஓடிய பிறகு தையல்காரி தலையில் துணி கட்டிக்கொண்டு வந்தாள். ஆள் பாதியாக இளைத்திருந்தாள். பலகை முன்னால் நின்று நிதானமாகக் கடைசி வரி வரைக்கும் படித்தாள்.

"இதப் படிச்சு முடிக்கறதுக்குள்ள உன் கீரை வாடிடும்டி."

"வாடட்டும்க்கா."

"அன்னிக்கே இவ்வளவையும் எழுதியிருக்கலாம் நீ. சரி, பீன்ஸ் கால் கிலோ போடு."

இரண்டையும் ஒரே குரலில்தான் சொன்னாள், கோபமே இல்லாமல். கடைக்காரி தலை நிமிராமல் பீன்ஸை அள்ளிப் போட்டாள். கால் கிலோ தாண்டி, அரைக் கிலோ தாண்டியும் போட்டுக்கொண்டே இருந்தாள்.

"போதும்டி, நான் என்ன முயலா?"

அப்போதுதான் கடைக்காரிக்கு அழுகை வந்தது.