உடைந்துகொண்டே இருந்த ரத்தம்

அந்த ஆபரேஷனுக்கு நாள் குறித்தது நான்தான். என் மனைவிக்கு அப்போது நாற்பத்தொரு வயது. மிஷன் பள்ளி ஒன்றில் ஆசிரியை. எங்களுக்குப் பிள்ளை இல்லை. கர்ப்பப்பையில் கட்டிகள் வளர்ந்து, மாதத்தில் பாதி நாள் உதிரப்போக்கோடுதான் வகுப்புக்குப் போய்வந்தாள். கர்ப்பப்பையையே எடுத்துவிடலாம் என்று டாக்டரம்மா சொன்னதும், மே மாத லீவிலேயே முடித்துவிடுவோம் என்று அவசரப்படுத்தினேன். டிசம்பர் வரை பார்க்கலாமே என்றுதான் அவள் சொன்னாள்.

கோச்சடையில் எங்கள் வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் போனோம். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இரண்டாம் நாள் இட்லி கேட்டுச் சாப்பிட்டாள். மூன்றாம் நாள் காலையில், கட்டிலோரம் தொங்கிய மூத்திரப் பையில் கடுங்காப்பி நிறத்தில் கொஞ்சம்தான் இருந்தது. மத்தியானம் வரை பார்த்தேன், கூடவில்லை. கண்ணில் மஞ்சள் தட்டியிருந்தது. கால்களில் குண்டூசியால் குத்தியதுபோல் சிவப்புப் புள்ளிகள். சிறுநீர்க் குழாயில் கத்தி பட்டுவிட்டதோ என்று டாக்டரம்மாவே பயந்துபோய் ஸ்கேன் எடுக்கச் சொன்னார். அப்படி எதுவும் இல்லை. சாயங்காலமே ஆம்புலன்ஸில் பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றினார்கள்.

அங்கே கிட்னி டாக்டர் என்னை உட்காரவைத்துச் சொன்னார். உடம்பெங்கும் மெல்லிய ரத்தக்குழாய்களில் துளித்துளியாக ரத்தம் உறைகிறது, அந்த அடைப்புகளில் நெருக்கியடித்துப் போகும் சிவப்பணுக்கள் கிழிந்து உடைகின்றன, சிறுநீரகமும் அடைத்துக்கொண்டது. ஆபரேஷனுக்குப் பிறகு இப்படி வருவது ரொம்ப அபூர்வம், இதற்குமுன் ஒருவரைத்தான் பார்த்திருக்கிறேன் என்றார். அந்த ஒருவர் என்ன ஆனார் என்று நான் கேட்கவில்லை.

“எதனால சார் வந்துச்சு?”

“தெரியலைங்க. யார் மேலயும் தப்பு இல்லை.”

யார் மேலாவது தப்பு இருந்தால் தேவலை என்றிருந்தது எனக்கு.

நான் கப்பலூரில் ஒரு சின்னத் தொழிற்சாலையில் ஃபோர்மேன். விஷயம் தெரிந்து, ஷிப்ட் முடிந்தவர்கள் கிரீஸ் கையோடு டவுன் பஸ் ஏறி வந்துவிட்டார்கள். “அண்ணே, எம்புட்டு வேணும்னாலும் எடுத்துக்கிறச் சொல்லுங்க” என்று சட்டைக் கையை மடித்துவிட்டு நின்றார் ஒருவர். அவள் ரத்தத்தில், ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கியிருந்தன. அதையாவது ஏற்றுங்கள் என்று கெஞ்சினேன். ஏற்றினால் அடைப்பு இன்னும் கூடும் என்றார் டாக்டர். குறைந்துபோனதைக் கொடுக்கவும் கூடாதென்றால் மனுஷன் என்னதான் செய்வது? டயாலிசிஸ் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், ரத்தத்தில் இருக்கும் மஞ்சள் நீரான பிளாஸ்மாவை அவளிடமிருந்து எடுத்துவிட்டு, மற்றவர்களுடையதைப் பை பையாக ஏற்றினார்கள்.

இரண்டு நாள் கழித்து என்னை ஐ.சி.யூ.வுக்குள் விட்டார்கள். முகம் உப்பியிருந்தது. கண்ணைத் திறந்து என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“சார், உங்க பொண்ணு ஒரு வாரமா ஸ்கூலுக்கு வரலையே. உடம்புக்கு எதும் சரியில்லையா?”

பிள்ளைகளின் பெற்றோரிடம் பேசும் அதே மரியாதையான குரல். பதில் சொல்லுங்கள் என்று நர்ஸ் சாடை காட்டினார்.

“காய்ச்சல் டீச்சர். நாளைக்கு அனுப்பிடுறேன்.”

“லீவ் லெட்டர் குடுத்து விடுங்க” என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

மாடிப்படியில் உட்கார்ந்து ஜெபம் பண்ணப் பார்த்தேன்.

பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்த பதினோராம் நாள் தட்டணுக்கள் ஏற ஆரம்பித்தன. ஏன் அன்றைக்கு, ஏன் அதற்கு முன்னால் இல்லை என்று டாக்டருக்கும் சொல்லத் தெரியவில்லை. அடுத்த வாரம் மூத்திரம் இறங்கியது; ஆயாம்மா என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். டயாலிசிஸ் நின்றது. ஆனால் சிறுநீரகம் பாதிதான் தேறியது. உப்பைக் குறைத்து, மாத்திரைகளோடு, ஐந்து மாதம் கழித்துப் பள்ளிக்குப் போனாள்.

அந்த நாட்கள் எதுவும் அவளுக்கு ஞாபகமில்லை. “நான் என்னங்க பேசினேன்?” என்று ஒருமுறை கேட்டாள். ஒன்றும் பேசவில்லை, தூங்கிக்கொண்டே இருந்தாய் என்றேன்.

இந்த நோய் மறுபடி வரலாம், வராமலும் போகலாம் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை லேபில் அவள் கையை நீட்டிப் பரிசோதனைக்கு ரத்தம் கொடுப்பாள். நான் அவள் கைப்பையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பேன்.